கியர்பாக்ஸ் பிரிய மாட்டேங்குதா? இடைவெளியைப் பாருங்கள்

போல்ட் அத்தனையும் கழற்றியாச்சு. கீழே ஜாக்கி நிற்கிறது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் கியர்பாக்ஸ் எஞ்ஜினை விட்டு அசையவில்லை. இந்த நேரத்தில்தான் கூட நிற்கிற யாராவது ஒருவர் கடப்பாரை எடுக்கப் போவார். அவரை முதலில் நிறுத்துங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் வரைக்கும் வந்தது. சிந்துபூந்துறையில் நின்ற எங்கள் அத்தானின் மாருதி ஆம்னி வேன் சீட் மட்டத்துக்கு மூழ்கியது. களக்காட்டுப் பக்கமிருந்து வாழை இலைக் கட்டு ஏற்றிக்கொண்டு நயினார்குளம் மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் போய்ச் சேருகிற வண்டி அது. வெள்ளம் வடிந்ததும் வீட்டைப் பார்ப்பதா வண்டியைப் பார்ப்பதா என்று ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் நானும் அத்தானும் கீழே படுத்து கியர்பாக்ஸை இறக்கப் பார்த்தோம். நான்கு நாள் ஆனது. கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இதே மாதிரி நின்றுபோன வண்டிகள் இன்னும் நிறைய வாசலில் நிற்கின்றன. கியர்பாக்ஸ் பிரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

எஞ்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் போல்ட்டுகள். இரண்டு முகமும் ஒரே நேர்கோட்டில் உட்காருவதற்காக எதிரெதிரே இரண்டு டோவல் பின்கள். இவை எஃகு; கியர்பாக்ஸின் முன்பக்கம் எஞ்ஜினோடு ஒட்டுகிற மணி வடிவக் கூடு, அதாவது பெல் ஹவுசிங், அலுமினியம். நடுவில், எஞ்ஜினின் சுழற்சியை உள்ளே வாங்குகிற கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட். அதன் பல், அதாவது ஸ்பிளைன், கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் புகுந்திருக்கும். பல வண்டிகளில் ஷாஃப்ட்டின் நுனி இன்னும் உள்ளே போய் பைலட் பேரிங் என்கிற சின்னப் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். ஆகவே கியர்பாக்ஸ் நேர்கோட்டில் விலகினால்தான் வரும். கொஞ்சம் கோணினாலும் சிக்கும். எங்கே சிக்கியிருக்கிறது என்பதை அந்த இரண்டு முகத்துக்கும் நடுவில் விழுகிற இடைவெளியே காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கை வைப்பதற்கு முன்

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்த இரும்பு ஸ்டாண்டு வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும், நீங்கள் கீழே படுத்திருப்பீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஏதாவது ஆனால் அது தாங்கும்.

எஞ்ஜினுக்குத் தனியாக ஒரு முட்டு, கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு ஜாக்கி. எஞ்ஜின் சம்ப்புக்கு, அதாவது ஆயில் நிற்கிற தொட்டிக்கு, அடியில் அகலமான பலகை வைத்துத்தான் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சம்ப் அமுங்கிவிடும். மேலே இருந்து தூக்குகிற வண்டி என்றால் செயின் பிளாக் எதில் தொங்குகிறது என்று யோசியுங்கள். ஊஞ்சல் கொக்கியில் மாட்டாதீர்கள். வீட்டு முருங்கை மரத்தில் மாட்டவே மாட்டாதீர்கள், முருங்கைக் கிளை எப்படி ஒடியும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போர் மோட்டார் தூக்குகிறவர்கள் இரும்புக் குழாயில் முக்காலி வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெகுநாள் நின்ற வண்டியென்றால் படுப்பதற்கு முன் அடியில் குச்சியை விட்டு நன்றாகத் தட்டுங்கள். எங்கள் ஆம்னியின் சேஸிஸ் மடிப்பில் இருந்து இரண்டு தேள் விழுந்தது.

கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு அட்டையில் வட்டம் போட்டு, எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் குத்தி வையுங்கள். நான் அல்வா டப்பாவின் மூடியைப் பயன்படுத்தினேன். இது அடுக்கி வைக்கிற ஒழுங்குக்காக மட்டும் இல்லை. அட்டையில் எங்கே காலி விழுகிறதோ, அங்கே ஒரு போல்ட் இன்னும் வண்டியில் இருக்கிறது.

சுற்றிலும் மயிரிழை கூடத் திறக்கவில்லை

பத்தில் எட்டுத் தடவை ஏதோ ஒரு போல்ட் பாக்கி இருக்கும். துரு, டோவல் என்று அங்கே இங்கே போகாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்.

தப்புகிற இடங்கள் ஏறத்தாழ எல்லா வண்டியிலும் ஒன்றுதான். செல்ஃப் மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட்டே பெல் ஹவுசிங்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும். மோட்டாரை ஒரு போல்ட்டில் தொங்கவிட்டு வேலை செய்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். உச்சியில் இருக்கிற ஒரு போல்ட் எஞ்ஜின் பக்கமிருந்து திரும்பி வந்திருக்கும், கீழே படுத்தால் அதன் தலை கண்ணுக்குப் படாது. எர்த் வயர் பிடித்திருக்கிற போல்ட்டும் சில சமயம் அதே வரிசையில்தான் இருக்கும். ஃப்ளைவீலை, அதாவது எஞ்ஜின் முனையில் கிளட்ச் உட்கார்ந்திருக்கிற கனமான சக்கரத்தை, அடியில் மூடுகிற தகடு சின்ன 10 நம்பர் போல்ட்டுகளில் நிற்கும். சில வண்டியில் அதன் ஒரு போல்ட் எஞ்ஜினில், இன்னொன்று கியர்பாக்ஸில். மவுண்டிங் பிராக்கெட் இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருக்கிற வண்டியும் உண்டு.

கண்ணால் தேடினால் போதாது. கையை விட்டு பெல் ஹவுசிங்கின் விளிம்பை ஒரு முழு வட்டம் தடவி வாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் வண்டல் மண் காய்ந்து போல்ட் தலையைச் சுத்தமாக மூடியிருக்கும். எங்கள் வண்டியில் அப்படித்தான் ஒன்று தப்பியது. இரண்டு மணி நேரம் இழுத்த பிறகு அத்தான் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இங்கன ஒண்ணு மொழு மொழுன்னு தட்டுப்படுது" என்றார். ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைச் சுரண்டியதும் 14 நம்பர் தலை ஒன்று வெளியே வந்தது. இப்போது நினைத்தாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருத்தப்படுகிறேன். அந்தப் போல்ட்டோடு சேர்த்து இன்னும் பலமாக இழுத்திருந்தால் பெல் ஹவுசிங் விளிம்பில் போல்ட் நிற்கிற காது உடைந்திருக்கும்.

போல்ட் எல்லாம் நிச்சயமாக வெளியே வந்துவிட்டது, அப்படியும் திறக்கவில்லை என்றால் சத்தத்தைக் கேளுங்கள். ரப்பர் சுத்தியால், இல்லையென்றால் மரக்கட்டை வைத்து சாதா சுத்தியால், பெல் ஹவுசிங்கைச் சுற்றித் தட்டுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரே இரும்பைத் தட்டியது போல கெட்டியாகக் கேட்கும். விட்டுப்போன இடத்தில் "டப்" என்று பொள்ளலாகக் கேட்கும். கெட்டியாகக் கேட்கிற இடம் பெரும்பாலும் டோவலுக்குப் பக்கம் இருக்கும். அப்போது அடுத்ததற்குப் போங்கள்.

ஒரு பக்கம் திறக்கிறது, மறுபக்கம் ஒட்டியே நிற்கிறது

ஒரு டோவல் விட்டுவிட்டது, மற்றது பிடித்திருக்கிறது. இது துரு வேலை. எஃகும் அலுமினியமும் ஒட்டி இருக்கிற இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து மாவாகும். அந்த மாவு அலுமினியத்தைவிடக் கூடுதலாக இடம் கேட்கும். அதனால் டோவலைச் சுற்றி ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்து வண்டிகளில் வெள்ளமே வராமல் கடல் காற்றிலேயே இது நடக்கும். அந்தப் பக்கத்து வண்டியைக் கழற்றப் போனால் டோவல் ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

இங்கே பெரிய தப்பு ஒன்று நடக்கும். திறந்திருக்கிற பக்கத்தில் கம்பியை விட்டு இன்னும் திறப்பார்கள். சுலபமாகத் திறக்கிறதே என்று தோன்றும். ஆனால் திறந்த பக்கம் கூடத் திறக்கத் திறக்க, ஒட்டியிருக்கிற டோவல் தன் துளைக்குள் கோணிக்கொண்டு இன்னும் கெட்டியாகக் கடிக்கும். ஆகவே திறந்த பக்கத்தைத் திரும்ப மூடுங்கள். ஆமாம், மூடுங்கள். ஒரு போல்ட்டைக் கையால் போட்டு ஒரு ஹேக்சா பிளேடு கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒட்டிய பக்கத்தில் மட்டும் வேலை செய்யுங்கள்.

முதலில் எண்ணெய். துருவுக்கென்று டப்பாவில் விற்கிற ஸ்பிரே சரி. அதைவிட எனக்குக் கைகொடுத்தது, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்தது. அசிட்டோன் பெயிண்டையும் சில பிளாஸ்டிக்கையும் கரைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும்; தகர டப்பாவில் வைத்துக் கலக்குங்கள், கலந்ததும் உபயோகியுங்கள். டோவல் இருக்கிற இடத்தில் முகத்தின் கோட்டில் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். பல வண்டிகளில் டோவல் குழாய் மாதிரி பொள்ளலாக இருக்கும், அதன் நடுவே போல்ட் போகும். அப்படியென்றால் அந்தப் போல்ட் துளை வழியாகவும் ஊற்றலாம். ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் திரும்ப ஊற்றுங்கள். எண்ணெய் இறங்கப் பொழுது வேண்டும், நம் அவசரம் அதற்குத் தெரியாது.

எண்ணெய்க்கு அசையவில்லை என்றால் சூடு. அலுமினியம் சூட்டில் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். டோவல் உட்கார்ந்திருக்கிற காதைச் சுற்றி தண்ணீர் தெளித்தால் சீறுகிற அளவுக்கு, நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடேற்றினால் துளை டோவலைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அந்த வெள்ளை மாவின் பிடி உடைய அது போதும். சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தாமல் காதைச் சுற்றி ஆட்டிக்கொண்டே இருங்கள்.

நெருப்பு கொண்டுவருவதற்கு முன் சொல்ல வேண்டியதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஊற்றிய எண்ணெயை முழுக்கத் துடைத்துக் காய விடுங்கள். பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆம்னியில் கேஸ் ஓடுகிற வண்டிகள் உண்டு. சிலிண்டர் வண்டியில் இருக்கும்வரை நெருப்பே வேண்டாம். பெயிண்டை உரிக்கிற சூட்டுக் காற்றுத் துப்பாக்கி கிடைத்தால் அதுவே போதும், மெதுவாக ஏறும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

சூடாக இருக்கும்போதே ஆப்பு. கடப்பாரை வேண்டாம், பெரிய ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். அவை அலுமினிய முகத்தில் பள்ளம் போடும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு மேடாகி, திரும்பச் சேர்க்கும்போது முகம் ஒட்டாது. சுவருக்குப் பட்டி பார்க்கிற அகலமான தகடு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய டோவலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு தட்டு இங்கே, ஒரு தட்டு அங்கே. தகடு நுழைந்ததும் அதன் பின்னால் உடைமரக் கட்டையில் செதுக்கிய ஆப்பு. உடைமரம் இறுகிய மரம், பாரத்தைத் தாங்கும், அலுமினியத்தைக் கீறாது. எங்கள் தெருவில் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், அந்த ஆப்பை அவர்தான் செதுக்கிக் கொடுத்தார். நான் வேகமாக அடித்ததைப் பார்த்துவிட்டு, "ஏல, பைய அடி. ஒரு அடி அடிச்சா ரெண்டு மூச்சு விடு. அது வார நேரத்துக்குத்தான் வரும்" என்றார். அப்படியே செய்தேன். ஏழெட்டு அடிக்குப் பிறகு "கிறீச்" என்று ஒரு சத்தம், கோட்டில் வெள்ளை மாவு பொடியாக உதிர்ந்தது. அந்த மாவைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

சில பெல் ஹவுசிங்கில் எதற்கும் பயன்படாதது போல மரையிட்ட ஒரு துளை இருக்கும், எதிரே எஞ்ஜின் முகம் மொட்டையாக இருக்கும். அப்படி இருந்தால் அதிர்ஷ்டம். அதில் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் போல்ட் நுனி எஞ்ஜின் முகத்தைத் தள்ளி கியர்பாக்ஸை நேராக விலக்கும். இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிக் கால் சுற்று.

மேலே திறக்கிறது, கீழே மூடியிருக்கிறது

ஜாக்கி தாழ்ந்திருக்கிறது, கியர்பாக்ஸின் வால் தொங்குகிறது. வாலைத் தூக்குங்கள். கீழே திறந்து மேலே மூடியிருந்தால் வாலை இறக்குங்கள். சுற்றிலும் ஒரே அளவு வரும்வரை ஜாக்கியோடு விளையாடுங்கள், அதற்குப் பிறகு இழுங்கள். இதில் துருவும் இல்லை, மர்மமும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டோவல் விட்ட பிறகு கியர்பாக்ஸை ஒரு நொடி கூடத் தொங்க விடக் கூடாது. அத்தனை பாரமும் இன்புட் ஷாஃப்ட் வழியாக கிளட்ச் பிளேட்டின் நடுவில் இறங்கி அதைக் கோண வைத்துவிடும். பிறகு வண்டி ஓடும்போது கிளட்ச் முழுதாக விடாது, கியர் விழும்போதெல்லாம் கரகரக்கும்.

சுற்றிலும் அரை விரல் திறந்தது, அதற்கு மேல் வரவில்லை

எங்களை நான்கு நாள் இழுத்தடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு டோவலும் விட்டுவிட்டன. இடைவெளி சுற்றிலும் ஒரே அளவு. இழுத்தால் கொஞ்சம் வருகிறது, விட்டால் ரப்பர் இழுத்தது போல உள்ளே போகிறது. இப்படிப் போய்ப் போய்த் திரும்பினால் முதலில் ரப்பரே இழுக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் மவுண்டிங், கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் வயர், கியர் ராடு, ஆக்ஸிலைப் பிடித்த பிராக்கெட், சைலன்சர் குழாயின் கிளாம்பு. இவற்றில் ஒன்று இன்னும் மாட்டியிருந்தால் இதே மாதிரிதான் இருக்கும். எல்லாம் விட்டாச்சு என்றால், பிடித்திருப்பது ஸ்பிளைன்.

கிளட்ச் பிளேட்டின் நடுத்துளையும் எஃகு, ஷாஃப்ட்டும் எஃகு. தண்ணீர் உள்ளே போய் வண்டலோடு சேர்ந்து நின்றால் இரண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இழுக்கும்போது ஷாஃப்ட் வராமல் கிளட்ச் பிளேட்டையே இழுக்கிறீர்கள். அந்தப் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டுக்குள் பூட்டியிருக்கிறது. அதனால்தான் அந்த ரப்பர் உணர்வு.

இனி இழுப்பதில் பயன் இல்லை. திருப்ப வேண்டும். ஸ்பிளைன் பல்லுக்கு நடுவில் இருக்கிற துருவை உடைக்க நேர் இழுவையைவிட முன்னும் பின்னுமான திருகல்தான் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதற்கு முன் எஞ்ஜின் சுற்றுமா என்று பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்ஜினுக்குள் தண்ணீர் நிற்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு எஞ்ஜின் முனையில் பெல்ட் ஓடுகிற கிராங்க் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் திருப்புங்கள். செல்ஃப் போட்டுத் திருப்பாதீர்கள். எங்கள் ஆம்னியில் மூன்று சிலிண்டரில் ஒன்றிலிருந்து தாமிரபரணியே வந்தது; செம்மண் நிறத்தில் பிளக் துளை வழியாகக் கொப்பளித்தது.

எஞ்ஜின் சுற்றுகிறது என்றால் ஸ்பிளைனை இப்படி உடையுங்கள். இன்புட் ஷாஃப்ட் நகராமல் நிற்க வேண்டும், எஞ்ஜின் பக்கம் மட்டும் திரும்ப வேண்டும். முதல் கியரைப் போடுங்கள். கியர்பாக்ஸின் பின் முனை சுற்றாமல் இருக்க வேண்டும். பின் சக்கர டிரைவ் வண்டியில், பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன் முனையை மட்டும் திரும்பச் செருகி, அதன் ஜாயிண்டில் ஒரு கம்பியைக் குறுக்கே கொடுத்துச் சேஸிஸில் முட்டவிட்டால் நின்றுவிடும். இப்போது கிராங்க் புல்லியில் நீளமான கைப்பிடி போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். எஞ்ஜின் ஓடுகிற திசையில் நன்றாக அழுத்தலாம். எதிர்த் திசையில் அளவாக, இல்லையென்றால் புல்லி போல்ட் கழன்று வரும். ஒருவர் ஆட்ட, ஒருவர் கியர்பாக்ஸைப் பிடித்து லேசாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடித்தகடு திறந்த வழியாகவோ கிளட்ச்சை விடுவிக்கிற ஃபோர்க் நுழைகிற துளை வழியாகவோ நீளமான ஸ்பிரே குழாயை விட்டு, ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைகிற இடத்தில் எண்ணெய் படும்படி அடியுங்கள். பிளேட்டின் லைனிங் எண்ணெயில் நனைந்து கெட்டுப்போகும், தெரியும். வெள்ளத்தில் மூழ்கி ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பிளேட்டை யாரும் திரும்பப் போடப் போவதில்லை.

நாங்கள் மூன்று நாள் காலையும் சாயங்காலமும் இப்படியே செய்தோம். அடித்தகடு வழியாகத் துருத் தண்ணீர் முதலில் கறுப்பாகச் சொட்டியது, பிறகு பழுப்பு, மூன்றாம் நாள் எண்ணெய் நிறத்திலேயே சொட்டியது. உள்ளே எண்ணெய்க்கு வழி கிடைத்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான்காம் நாள் காலை புல்லியை ஆட்டியபோது கைக்கு ஒரு சின்ன வித்தியாசம் தட்டுப்பட்டது. அதுவரை கட்டையை ஆட்டியது போல இருந்தது. இப்போது ஆட்டத்தின் நடுவில் நூலளவு இடம் கிடைத்தது. "அத்தான், விட்டுட்டு" என்றேன். அவர் இழுத்தார். அரை விரல் ஒரு விரலானது.

அப்படியும் வரவில்லை என்றால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. அடித்தகட்டைக் கழற்றினால் பிரஷர் பிளேட்டின் விளிம்பு தெரிகிற வண்டி என்றால், அதை ஃப்ளைவீலில் பிடித்திருக்கிற போல்ட்டுகளை அந்த வழியாகவே கழற்றலாம். பெரும்பாலும் ஆறு. கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்ஜினைத் திருப்பி ஒவ்வொன்றாக அந்தத் திறப்புக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு தடவையும் கால் சுற்று வீதம் எல்லாவற்றையும் சேர்த்தே தளர்த்துங்கள். ஒன்றை முழுக்கக் கழற்றினால் பிரஷர் பிளேட் கோணி, மீதிப் போல்ட்டுகள் இறுகிவிடும். எல்லாம் வந்ததும் கியர்பாக்ஸ் கிளட்சையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்த பிறகு ஷாஃப்ட்டில் இருந்து பிளேட்டைச் சாவகாசமாகப் பிரிக்கலாம்.

இரண்டு விரல் வந்து எதிலோ முட்டுகிறது

ஸ்பிளைன் வழுக்கி வருகிறது, ஆனால் உலோகத்தில் உலோகம் இடிக்கிற சத்தம். இது ஒட்டல் இல்லை, தடை. முன் சக்கர டிரைவ் காரில் கியர்பாக்ஸ் பக்கவாட்டில் விலகும்போது டிஃபரன்ஷியல் பகுதி ஆக்ஸிலிலோ ஃப்ரேமிலோ முட்டும். எஞ்ஜினைக் கொஞ்சம் இறக்கிச் சாய்த்தால் விலகும். இன்புட் ஷாஃப்ட் கிளட்ச்சை விட்டு முழுக்க வெளியே வருவதற்கு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மிதியை அமுக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், கிளட்ச்சை அமுக்காமல் தன் பக்கம் இழுக்கிற வகை வண்டி என்றால், பேரிங் கிளட்ச்சின் டயாஃப்ரம் ஸ்பிரிங்கில் கொக்கி போலப் பூட்டியிருக்கும். ஃபோர்க்கை விடுவிக்காமல் எவ்வளவு இழுத்தாலும் வராது.

ஆட்டோமேட்டிக் வண்டி

இதில் நடைமுறையே வேறு. கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கிற டார்க் கன்வர்டர் எஞ்ஜின் பக்கத்துத் தகட்டில் போல்ட்டில் நிற்கும். அந்தப் போல்ட்டுகள் வெளியில் தெரியாது. அடித்தகடு வழியாகவோ செல்ஃப் மோட்டார் துளை வழியாகவோ ஒவ்வொன்றாக எஞ்ஜினைத் திருப்பிக் கழற்ற வேண்டும். கன்வர்டர் கையால் தள்ளினால் கியர்பாக்ஸ் பக்கம் கொஞ்சம் நகர வேண்டும், தனியாகச் சுற்ற வேண்டும். அப்படி இல்லாமல் கியர்பாக்ஸை இழுத்தால் கன்வர்டர் எஞ்ஜினோடு நின்றுவிடும், உள்ளே பம்ப்பின் சீல் கிழியும், ஆயில் கொட்டும்.

2014-ல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த ஏஎம்டி வண்டிகளை, அதாவது கிளட்ச்சையும் கியரையும் கருவியே இயக்குகிற வண்டிகளை, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச் பிளேட்தான். மேலே சொன்ன அத்தனையும் அவற்றுக்கும் பொருந்தும். கிளட்ச்சை இயக்குகிற கருவியை மட்டும் முதலில் கழற்ற வேண்டும்.

உடைந்த காது

கடப்பாரையைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சில வருடம் முன் பக்கத்து வீட்டு மாமாவின் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தோம். நானும் கூட நின்றேன். ஒரு பக்க டோவல் ஒட்டியிருந்தது. திறந்த பக்கத்தில் கடப்பாரையை விட்டு ஒருவர் மிதித்தார். பெல் ஹவுசிங்கின் காது ஒரு துண்டாக உடைந்து தரையில் விழுந்தது, உடைந்த இடம் சர்க்கரைக் கட்டி மாதிரி பொரிபொரியாக இருந்தது. வார்ப்பு அலுமினியம் வளையாது, சொல்லாமல் உடையும். ஆர்கான் வெல்டிங் வைத்தார்கள், டோவல் துளை நேராக வரவில்லை. கடைசியில் பழைய சாமான் கடையில் வேறு கியர்பாக்ஸ் தேடி வாங்க வேண்டியதாயிற்று. ஒரு ராத்திரி எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தால் போதும். மாமா அன்று ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தது என் கண்ணிலேயே நிற்கிறது.

திரும்பச் சேர்க்கும்போது இடைவெளி மூடவில்லை

பிரித்தபோது பார்த்த அதே இடைவெளிதான், இப்போது எதிர்த் திசையில். அரை விரலில் நின்றால் ஸ்பிளைன் பல்லில் பல் சேரவில்லை, இல்லையென்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை; கியரில் போட்டு பின் முனையை லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். ஹேக்சா பிளேடு கனத்தில் நின்றால் டோவல் துளையில் துரு பாக்கி, அல்லது எஞ்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வருகிற மெல்லிய தகடு மடங்கியிருக்கிறது, அல்லது ஒரு வயர் நடுவில் மாட்டியிருக்கிறது. எதுவாக இருந்தாலும் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடாதீர்கள். காது உடைவதற்கு அதுவும் ஒரு வழி.

டோவலை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, துளைக்குள் ஒட்டிய வெள்ளை மாவை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய கிரீஸ் பூச்சுக் கொடுங்கள். ஷாஃப்ட் பல்லிலும் துளி கிரீஸ் போதும், வழிந்தால் புதுப் பிளேட்டில் படும். தலை வெட்டிய நீளமான போல்ட் இரண்டை எதிரெதிர் துளைகளில் முறுக்கி வைத்தால் கியர்பாக்ஸ் அதன் மேல் வழுக்கி நேராகப் போகும்.

எங்கள் ஆம்னியில் கடைசி ஒரு விரலை அத்தான் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினார். இரண்டு முகமும் வந்து ஒட்டின. டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தேன், எங்கேயும் வெளிச்சம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அல்வா டப்பா மூடியிலிருந்து முதல் போல்ட்டை உருவினேன்.